நன்றி கூறலாம்

இன்னும் அரை மணி நேரத்தில் சண்முகவடிவு எழுந்து நின்று இசக்கிதுரைக்கு நன்றி சொல்ல வேண்டும். அழைப்பிதழில் அப்படித்தான் அச்சாகியிருந்தது, நாட்டுப்பண்ணுக்கு மேல் வரியில்: நன்றியுரை, பேராசிரியர் சண்முகவடிவு, ஒருங்கிணைப்பாளர், அரசுப்பணி மற்றும் பொதுக்கொள்கை வழிகாட்டு மையம். இத்தனை நீளப் பெயருக்கு நூலகத்தை ஒட்டி ஓர் அறை, அதில் இரண்டு மின்விசிறி, இரண்டில் ஒன்று சுற்றும். பத்து வருஷமாகச் சனிக்கிழமைதோறும் அந்த ஒற்றை விசிறிக்குக் கீழேதான் அவள் சட்டக் கல்லூரிப் பிள்ளைகளை அரசாங்க வேலைக்குத் தயார் செய்கிறாள். கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு கோர்ட் வாசலில் கட்சிக்காரனுக்குக் காத்துக் கிடப்பது மட்டும்தானா சட்டம், சட்டத்தை எழுதுகிற அறைக்குள்ளும் நம் ஊர்ப் பிள்ளைகள் நாலு பேர் உட்கார வேண்டாமா என்று கேட்டு ஆரம்பித்தது. அப்படிப் போய் உட்கார்ந்தவர்களில் ஒருவன்தான் இப்போது மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். வெள்ளைச் சட்டை, அதன்மேல் பிரின்சிபால் தனுஷ்கோடி போர்த்திவிட்ட ஆரஞ்சு நிறப் பொன்னாடை, பேச்சுக்கு நடுவே அது நழுவ நழுவ இடது கையால் ஏற்றி விட்டுக்கொள்ளும் பதவிசு. தலைமைச் செயலகத்தில் சட்ட வரைவுப் பணியில் இருக்கிறான். ‘இருக்கிறார்’ என்று சொல்ல வேண்டும், மேடையில் அவர், மனசுக்குள் அவன். அவள் மடியில் கைப்பை. கைப்பைக்குள் ஒரு காக்கி உறை. நேற்றுத் தபாலில் வந்தது. அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கலாம். வந்திருக்கலாம், பார், மறுபடியும் ஒரு லாம்.

இரண்டு மாதமாக இந்த லாம் அவளை விடமாட்டேன் என்கிறது. காலையில் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஆரம்பிக்கலாமா என்றார் பிரின்சிபால். டீ கொண்டுவந்த அட்டெண்டர் சூடா இருக்கும்போதே சாப்பிடலாமே மேடம் என்றார். பக்கத்து வீட்டம்மாள் வாசலில் நின்று வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகலாமா என்று குரல் கொடுத்தாள். தமிழ்நாட்டில் பாதிப் பேச்சு இந்த லாமில்தான் நடக்கிறது என்பது அவளுக்கு ஐம்பத்திரண்டு வயதில்தான் காதில் விழுகிறது. எவ்வளவு குழைவான சொல், யாரையும் அதட்டாத, தோளில் கை போட்டுக் கூப்பிடுகிற சொல். வீட்டுக்குள் இருக்கிறவரைக்கும் தங்கமான சொல்தான். சட்டத்துக்குள் நுழைந்தால்தான் குணம் மாறிவிடுகிறது. அதைத்தான் அவள் ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் நடத்துவாள். கரும்பலகையில் இரண்டு வரி எழுதுவாள். அரசு செய்தல் வேண்டும். அரசு செய்யலாம். முதல் வரியில் அரசாங்கத்துக்கு வேலை இருக்கு, இரண்டாவது வரியில் அரசாங்கத்துக்கு மனசு வந்தா வேலை இருக்கு, புரியுதா என்பாள். பிள்ளைகள் சிரிக்கும். ஒரு வருஷம் முதல் பெஞ்சில் இருந்து ஒருவன் எழுந்தான், ஒல்லியாக, காலர் கிழிந்ததைத் திருப்பித் தைத்த சட்டையோடு. “அப்ப லாம்னா வேண்டாம்னு அர்த்தமா மேடம்?” வகுப்பே சிரித்தது, அவள் சிரிக்கவில்லை. “இல்லப்பா. வேண்டாம்னு எழுதுனா எதுத்துக் கேக்க ஒரு பிடி இருக்கும். லாம்னு எழுதுனா பிடிக்கிறதுக்கே ஒண்ணும் இருக்காது” என்றாள். இசக்கிதுரை அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டான். தலையைக் குனிந்து அவன் எழுதுவதைப் பார்த்து அவளுக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது. ஐயோ, அந்தப் பெருமையை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பாள்? கத்தி பிடிக்கிற விதத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, நன்றாகப் பிடிக்கிறான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

அடிவயிறு கனக்கிறது. காலையில் மாத்திரை போடுவதற்காக ஒரு சொம்புத் தண்ணீர், மேடையில் எதிரே வைத்த பாட்டிலில் பாதி. பதினோரு மணிக்கு உட்கார்ந்தது. ஆசிரியைகளின் கழிப்பறைக்குப் பூட்டு, சாவி அலுவலகத்தில், அலுவலகத்து ஆட்களெல்லாம் கூட்டம் சேர்க்கப் பின்வரிசையில். மேடையிலிருந்து எழுந்து போனால் முந்நூறு பேர் பார்ப்பார்கள். அவள் காலை மாற்றிப் போட்டுக்கொண்டாள். இதற்கே இப்படி. உப்பளத்தில் மரியபுஷ்பம் சாயங்காலம் வரைக்கும் எப்படி இருப்பாளோ? எட்டு வருஷத்துக்கு முன்னால் வகுப்பைத் திரட்டி அங்கே கூட்டிப் போனதே சண்முகவடிவுதான். சட்டம் எழுதப் போகிறவன் யாருக்காக எழுதுகிறான் என்று முகத்தைப் பார்த்துவிட்டு எழுதட்டும் என்கிற நினைப்பு. வேனை விட்டு இறங்கினால் கண்ணைத் திறக்க முடியவில்லை, தரையும் வெள்ளை, வானமும் வெள்ளை, நடுவில் தலையில் தட்டுச் சுமந்து பெண்கள் வரிசையாக நடக்கிறார்கள். ஈரத்துணி சுற்றிய ஒரு பிளாஸ்டிக் கேனைப் பாத்தி ஓரம் வைத்துவிட்டு வந்தவள்தான் மரியபுஷ்பம். பற்கள் பளீரென்று சிரிக்கிறவள், பாதம் பாளம் பாளமாக வெடித்தவள். இசக்கிதுரை கேள்வித்தாளைப் பார்த்துக் கேட்டான், ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க. “எங்க குடிக்க? குடிச்சா ஒதுங்கணும்லா தம்பி. ஒதுங்க இடம் எங்க இருக்கு? கண்ணுக்கெட்டுன தூரம் வெட்டவெளி, ஒரு உடைமரம் உண்டுமா, நீங்களே பாத்துச் சொல்லுங்க.” அவன் பார்த்தான், எழுதினான், பத்து நிமிஷத்தில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டான். வெயில் அவனுக்குப் பழக்கம்தான், நாங்குநேரிக்கு அந்தப் பக்கத்துக் காட்டில் ஆடு மேய்த்தவன், ஆனால் உப்பு வெயில் வேறு ஜாதி. மரியபுஷ்பம் ஓடிப்போய் அந்தக் கேனைக் கொண்டுவந்து அவன் வாயில் சரித்தாள். பாதிக் கேன் போயிற்று. போதும்மா உங்களுக்கு வேணும்ல என்று அவன் தடுக்க, “நீங்க குடிங்க தம்பி, நமக்குச் சாயந்தரம் வரைக்கும் பழக்கந்தான்” என்றாள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அவன் குடித்தது உப்பில்லாத தண்ணீர், அதனால் சேர்த்தியில்லை போலிருக்கிறது.

மைக்கில் அவன் குரல் ஏறுகிறது. கனவு காணுங்கள் என்று சொல்லாமல் இருக்கிறானே என்று நினைத்தாள், சொல்லிவிட்டான். நீங்களும் வரலாம், நீங்களும் அந்த நாற்காலியில் உட்காரலாம், கிராமத்துப் பிள்ளைகள் சட்டம் எழுதலாம். லாம் லாம் லாம். உப்பளத்திலிருந்து திரும்பி வந்து ஆறு சனிக்கிழமை உட்கார்ந்து வகுப்பே சேர்ந்து ஒரு விதிக்கு வரைவு எழுதியது. பத்துப் பெண்களுக்கு மேல் வேலை செய்யும் உப்பளத்தில் உரிமையாளர் நிழற்கூடமும் குடிநீரும் கழிப்பறையும் அமைத்தல் வேண்டும். ஒரே ஒரு வரிதான். அந்த ஒரு வரிக்கு ஆறு வாரம். பத்தா இருபதா என்று சண்டை, நிழற்கூடமா ஓய்வறையா என்று சண்டை. ஒன்றில் மட்டும் சண்டையே இல்லை, வேண்டும் என்பதில். அதைத் தன் கையால் எழுதியவன் இசக்கிதுரை. அவன் எழுத்து ஒரு தினுசு. ழகரத்தின் வாலை அடுத்த எழுத்துக்கு அடியில் கொண்டுபோய் ஒரு சுருட்டுச் சுருட்டுவான். பரீட்சைத் தாளில் திருத்துகிறவர் எரிச்சல்படுவார் என்று மூன்று வருஷம் சிவப்பு மையால் அந்த வாலை வட்டம் போட்டுப் பார்த்தாள். நிமிர்த்த முடியவில்லை. பரீட்சை எழுதினான், நேர்முகத்துக்குப் போனான். போவதற்கு முன் அவளே எதிரில் உட்கார்ந்து பதினாறு தடவை மாதிரி நேர்முகம் நடத்தினாள், எங்கே நிறுத்த வேண்டும், தெரியாததை எப்படித் தெரியாது என்று சொல்ல வேண்டும், மேலதிகாரி சொல்வது தவறென்றால் அதைக் குறிப்பில் எப்படி மரியாதையாக எழுத வேண்டும் என்பது வரைக்கும். வேலை கிடைத்ததும் அவன் அம்மா ஒரு சாக்கு முருங்கைக்காயோடு வீட்டுக்கு வந்து, “இவன் இனி உங்க பிள்ளதாம்மா” என்றாள். வரைவைத் துறைக்கு அனுப்பிவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தாள். போன சித்திரையில் அரசிதழில் விதி வந்துவிட்டது என்று ஒரு பழைய மாணவன் சொன்னபோது, படித்துக்கூடப் பார்க்காமல் மையத்துப் பிள்ளைகளுக்கு அல்வா வாங்கிக் கொடுத்தாள். படித்துப் பார்க்காமல்! ஒரு சொல்லுக்காகச் சனிக்கிழமை சனிக்கிழமை தொண்டை கிழியக் கத்துகிறவள்.

படித்துக் காட்டியவன் உப்பள மானேஜர். மரியபுஷ்பம் போன் செய்தாள், ஆனி மாசம், பின்னால் காற்று இரைந்தது. “டீச்சர், நீங்க சொன்னியளே, சட்டம் வந்துட்டுன்னு. நாங்க போயிக் கேட்டோம். மானேஜர் ஒரு பேப்பர எடுத்து வாசிக்காரு. அமைக்கலாம்னுதான் போட்டிருக்காம். அமைக்கணும்னு இல்லையாம். லாம்னா என்ன டீச்சர்?” லாம்னா என்ன டீச்சர். முதல் பெஞ்சுக் கேள்வியேதான், சுற்றி வந்து உப்பளத்தில் இருந்து கேட்கிறது. நுனி நாக்கு வரைக்கும் ஒரு சொல் வந்தது, பல்லைக் கடித்து உள்ளே தள்ளிவிட்டு, விசாரிச்சுச் சொல்றேன் மரியபுஷ்பம் என்றாள். முதலில் அச்சுப் பிழையாகத்தான் இருக்கும் என்று நம்பினாள். மனசு எப்படியெல்லாம் முட்டுக் கொடுக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டாள், அந்தச் சட்டத்தையும் பிள்ளைகளுக்கு அவள்தான் நடத்துகிறாள். நேற்று வந்த காக்கி உறையில் கோப்பின் குறிப்புத்தாள், ஜெராக்ஸ். அச்சில் அவர்கள் ஆறு சனிக்கிழமை எழுதிய வரி. அதன் கீழே பேனாவால்: ‘நிழற்கூடமும் குடிநீரும் கழிப்பறையும் அமைத்தல் வேண்டும்’ என்பதை ‘அமைக்கலாம்’ எனத் திருத்தி ஒப்புதல் அளிக்கலாம். கையெழுத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. நிழற்கூடத்தின் ழகரம் வாலை நீட்டி அடுத்த எழுத்துக்கு அடியில் போய்ச் சுருண்டு கிடந்தது. கழிப்பறையின் ழகரமும் அப்படியே. சமையலறையில் நின்றபடி படித்தாள், அடுப்பில் பால் பொங்கி வழிந்து அணைந்த பிறகும் நின்றாள். வேறு யாராவது எழுதியிருந்தால் திட்டிவிட்டு உட்கார்ந்திருப்பாள். தெரியாதவன் எழுதினால் தவறு. தெரிந்தவன் எழுதினால் அதற்கு என்ன பேர்?

“இந்த நேரத்துல ஒண்ணு சொல்லியாகணும்” என்கிறான் அவன். சண்முகவடிவு நிமிர்ந்தாள். “உப்பளத்துல வேலை பாக்குற பெண்களுக்காக இந்த வருஷம் ஒரு விதி வந்திருக்கு. அந்த விதி பிறந்த இடம் எது தெரியுமா? சென்னை இல்ல. இந்தக் கல்லூரியில, நூலகத்துக்குப் பக்கத்துல இருக்குற அந்தச் சின்ன ரூம். அதோட தாய் இங்க மேடையில உக்காந்திருக்காங்க.” அவள் பக்கம் திரும்பி, பொன்னாடை தரையில் புரள, கையெடுத்துக் கும்பிட்டான். கைதட்டல். முந்நூறு பேர் கைதட்டல். பிரின்சிபால் அவளைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே தட்டுகிறார், உங்களால் கல்லூரிக்குப் பேர் என்கிற மாதிரி. அவள் முகம் சிரித்தது, அவளைக் கேட்காமலே சிரித்தது. வளர்த்த கடா மார்பில் பாயும் என்பார்கள். பாய்ந்திருந்தால் தேவலை, கீழே விழுந்து காயத்தையாவது காட்டியிருப்பாள். இது மாலை போட்டு, தாய் என்று பட்டமும் கொடுக்கிறது. கும்பிட்ட அந்தக் கண்ணில் ஏதாவது தெரிகிறதா என்று தேடினாள், ஒரு கூச்சம், ஒரு இடறல், ஒன்றும் இல்லை. பளிச்சென்று இருக்கிறது. அதுதான் தாங்கவில்லை. அவன் பொய் சொல்லவில்லை, நம்பிச் சொல்கிறான். தாய், என்ன தாய், பிள்ளையின் கையைக் காலை முறித்துத் தொட்டிலில் போட்டுவிட்டுத் தாயைக் கூப்பிட்டு வாழ்த்துகிற கூத்து. கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்க்காமலே தெரியும், மரியபுஷ்பம்தான், முந்தாநாளே சொல்லியிருந்தாள். இன்று சனிக்கிழமை, பன்னிரண்டு மணிக்கு மானேஜர் பாத்திப் பக்கம் வருவாராம், முப்பத்தாறு பெண்களும் தட்டைக் கீழே வைத்துவிட்டு மொத்தமாகப் போய்க் கேட்கப் போகிறார்களாம். “அந்நேரம் ஒரு வார்த்த போன்ல சொல்லிருங்க டீச்சர். சட்டம் எங்க பக்கம் உண்டுன்னா நாங்க நிப்போம். இல்லைன்னா முதல்லயே சொல்லிருங்க, அவன் எல்லாரையும் நிப்பாட்டிட்டு வேற ஊர் ஆள எறக்கிருவான்.” நேற்று ராத்திரியே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மணி பதினொன்று ஐம்பது.

பார்க்கலாம். அந்தச் சொல்தான் அன்றைக்கு நாக்கு நுனி வரை வந்தது. அந்தச் சொல்லை அவளுக்கு நன்றாகத் தெரியும், இருபத்தாறு வருஷம் அதோடு குடித்தனம் நடத்துகிறாள். கல்யாணமான புதிதில் அவளுக்கே செயலகத்தில் சட்ட உதவியாளர் வேலைக்கு ஆணை வந்தது. இதே வேலை. இதே நாற்காலி என்றுகூடச் சொல்லிக்கொள்ளலாம். அவள் கணவர் பரமசிவம் அப்போது இங்கே வங்கியில் கிளார்க். ஆணையைக் கையில் வாங்கிப் படித்தார், சந்தோஷமாகத்தான் படித்தார், நல்ல மனுஷர், ஒரு நாளும் குரல் உயர்த்தாதவர். “சென்னைக்கா? பாக்கலாம் வடிவு” என்றார். மறுநாள் கேட்டாள், பாக்கலாம். அடுத்த வாரம் கேட்டாள், பாக்கலாம், மாமாட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடலாம். போகாதே என்று அவர் ஒரு தடவை சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள், அழுதிருப்பாள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறியிருந்தாலும் ஏறியிருப்பாள். அவர் சொல்லவே இல்லை. சேர வேண்டிய தேதி ஒரு புதன்கிழமை வந்து, சாம்பார் கொதிக்க, துணி காய, தானாகவே போயிற்று. ஆணை இன்னும் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது. பிடிக்கிறதுக்கே ஒண்ணும் இருக்காது என்று கரும்பலகை முன்னால் நின்று சொன்னாளே, அது எந்தச் சட்டப் புத்தகத்தில் படித்தது? பீரோவில் படித்தது. தான் உட்கார முடியாத நாற்காலியில் பிள்ளைகளை உட்கார வைக்கத்தான் இந்தப் பத்து வருஷமும், இந்த மையமும், இந்த ஒற்றை விசிறியும். அங்கே போய் உட்கார்ந்து அவன் பரமசிவத்தின் சொல்லை எழுதியிருக்கிறான். இன்னொரு பயமும் கூடவே எட்டிப் பார்க்கிறது, அதை வேண்டாம் வேண்டாம் என்று தள்ளுகிறாள்: அந்தப் புதன்கிழமை ரயில் ஏறிப் போயிருந்தால், வருஷக்கணக்காகச் செயலகத்து மின்விசிறிகளுக்குக் கீழே உட்கார்ந்து கோப்புப் பார்த்திருந்தால், அவளுடைய பேனா எதை எழுதியிருக்கும்? மேலதிகாரி முகத்தைப் பார்த்திருப்பாளா, மரியபுஷ்பம் முகத்தையா? இல்லை, நான் எழுதியிருக்க மாட்டேன். மாட்டேன். எழுதியிருந்தாலும் தாய் என்று யாரையும் கும்பிட்டிருக்க மாட்டேன்.

ஒரு போன் செய்திருக்கக் கூடாதா? மேடம், நெருக்குறாங்க, என்ன செய்யட்டும் என்று ஒரு வார்த்தை. பொங்கலுக்குச் செய்கிறான், ஆசிரியர் தினத்துக்குச் செய்கிறான், வாட்சப்பில் தினமும் பூ அனுப்புகிறான். எழுத முடியாது என்று அவன் வேலையை விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும் என்றா கேட்கிறாள்? குறிப்பில் ஒரு வரி, மாறுபட்ட கருத்து என்று ஒரே ஒரு வரி, மரியாதையாக எழுத அவள்தானே சொல்லிக் கொடுத்தாள். சில வழக்கில் நீதிமன்றம் லாம் என்பதையே வேண்டும் என்று படிக்கும், இடத்தைப் பார்த்து, நோக்கத்தைப் பார்த்து. அதையும் நடத்தியிருக்கிறாள். அவன் அதை நினைத்துக்கொண்டு எழுதியிருப்பானோ, பிறகு கோர்ட் பார்த்துக்கொள்ளும் என்று? பார்த்துக்கொள்ளும், பார்த்துக்கொள்ளும். முப்பத்தாறு பெண்கள் மதுரை ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டு, வாய்தா வாங்கி, தீர்ப்பு வந்து, அதற்கு மேல்முறையீடு வந்து முடியும் வரைக்கும் மூத்திரத்தை அடக்கிக்கொண்டு இருப்பார்களா? அவளால் இன்னும் கால் மணி நேரம் முடியவில்லை. நெற்றி வேர்க்கிறது. கைதட்டல் மறுபடி. அவன் முடித்துவிட்டு அவளுக்கு ரெண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தான், உட்காரும்போது குனிந்து, “நல்லாருந்துச்சா மேடம்?” என்றான், நேர்முக ஒத்திகை முடிந்ததும் கேட்கிற அதே குரலில். பித்தளைத் தராசு ஒன்றை நினைவுப் பரிசாகக் கொடுத்தார்கள். ஒரு தட்டு சங்கிலி சிக்கிக்கொண்டு மேலேயே நின்றது. இப்போது நன்றியுரை என்று மைக் சொன்னது.

எழுந்தாள். நடந்தாள். கையில் அலுவலகத்தில் தட்டச்சுச் செய்து கொடுத்த தாள், வருஷா வருஷம் பேர் மட்டும் மாறும், தம் பொன்னான நேரத்தை ஒதுக்கி, அரிய கருத்துகளை வழங்கி, நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளோம். கைப்பையைத் தோளில் மாட்டியபடியே வந்துவிட்டாள் என்பது மைக் முன்னால் நின்ற பிறகுதான் தெரிந்தது. உறையை எடுத்து வாசித்துவிடலாம். முந்நூறு பேர் முன்னால், ழகரத்தோடு. வாசித்தால் நாளைக்கு மையம் இருக்குமா, இந்த முப்பது நாற்பது பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை இருக்குமா? பிரின்சிபால் என்ன சொல்வார் என்று தெரியும், பாக்கலாம் என்பார், அத்தோடு அறைக்குப் பூட்டு. முன்வரிசையில் பிள்ளைகள் நோட்டும் பேனாவுமாக. போன சனிக்கிழமைதான் அதே இரண்டு வரியை எழுதிக் காட்டினாள். அவள் தாளை மடித்தாள். ஒலிபெருக்கி வைத்த அண்ணாச்சிக்கு நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளோம் என்றாள். டீ கொண்டுவந்த அட்டெண்டருக்கு நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளோம். பொறுமையாக உட்கார்ந்திருந்த மாணவர்களுக்கு, முதல்வருக்கு, கடமைப்பட்டுள்ளோம், கடமைப்பட்டுள்ளோம். முதன்மை விருந்தினரைக் கடைசியில் வைத்ததில் பிரின்சிபால் அசௌகரியமாக அசைந்தார். “உப்பளப் பெண்களுக்கான விதியை எழுதித் தந்த திரு. இசக்கிதுரை அவர்களுக்கு,” என்றாள், “நாம் நன்றி கூறலாம்.” கைதட்டினார்கள். நன்றி என்ற சொல் கேட்டால் தட்டுவதுதானே வழக்கம். முன்வரிசையில் ஒரு பெண் மட்டும் தட்டாமல், பேனாவை வாயில் வைத்துக்கொண்டு, அவளையே பார்த்தாள்.

நாட்டுப்பண் ஓடும்போது கைப்பை அதிர்ந்தது, நின்றது, மறுபடி அதிர்ந்தது. கையைப் பக்கவாட்டில் ஒட்டி நிமிர்ந்து நிற்கிறபோது என்ன செய்வது? முடிந்ததும் அவன்தான் முதலில் வந்தான், பொன்னாடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக. “மேடம், கூறலாம்னு சொன்னீங்க, கவனிச்சேன்.” கவனித்திருக்கிறான். அப்பாடா என்று ஒரு நொடி இருந்தது. “லாம்ங்கறத இடம் பாத்து வேண்டும்னு படிக்கணும்னு நீங்கதான சொல்லித் தந்தீங்க. நான் அப்படியே படிச்சுக்கிட்டேன் மேடம்.” சிரித்தான். பத்து வருஷத்துப் பாடமும் போயிற்று, அவள் நாக்கில் மிச்சம் வைத்திருந்த ஒரே முள்ளையும் பூவாகச் சூடிக்கொண்டான். அவள் கைப்பையைத் திறந்து உறையை உருவித் தாளை அவன் முன்னால் பிடித்தாள். அவன் தன் எழுத்தையே பார்த்தான். சிரிப்பு உடனே போகவில்லை, ஓரத்திலிருந்து மெல்லப் போயிற்று. “மேடம், வேண்டும்னு வச்சிருந்தா விதியே வந்திருக்காது மேடம். அஞ்சு வருஷம் அந்தக் கோப்பு நகரல. லாம்னு போட்டதும் நகந்துச்சு. ஒண்ணும் இல்லாததுக்கு இது ஒரு ஆரம்பம் இல்லியா?” பதில் இருந்தது அவளிடம், ஒன்றுக்கு நாலு பதில். உண்மையாகவே அது நகர்ந்திருக்காதோ என்னவோ. போன் மறுபடி அதிர்ந்தது. மணி பன்னிரண்டு பத்து. அவள் எடுத்துப் பொத்தானை அழுத்தி, ஒலியைக் கூட்டி, அவன் கையில் கொடுத்தாள். “மரியபுஷ்பம். உனக்குத் தண்ணி குடுத்தாளே, அவதான். மானேஜர் முன்னால நிக்கா. லாம்னா என்னன்னு ரெண்டு மாசமா எங்கிட்ட கேக்கா. நீ எழுதினது, நீயே சொல்லு.”

அவன் வாங்கிக்கொண்டான், வாங்காமல் இருக்க வழியில்லை. காற்று இரைந்தது. “டீச்சர்? டீச்சர்?” என்றது குரல். “மானேஜர் வந்துட்டாரு டீச்சர், எல்லாரும் தட்ட எறக்கி வச்சிட்டோம். கட்டணும்னு சட்டத்துல இருக்கா இல்லியா, ஒரு வார்த்த சொல்லுங்க.” அவன் சண்முகவடிவைப் பார்த்தான். அவள் அவன் வாயைப் பார்த்தாள். சொல்லிவிடு, இசக்கி, இல்லையென்றாவது சொல்லிவிடு, இல்லை என்று தெரிந்தால் அவர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு வேலைக்காவது போவார்கள், அதுகூட ஒரு பிடிதான். பதினாறு தடவை எதிரில் உட்கார வைத்துக் கேட்டவள் பதினேழாவது தடவையாகக் காத்திருந்தாள். அவன் தொண்டையைச் செருமினான். நான் சென்னையில இருந்து சட்ட வரைவு அதிகாரி பேசுறேம்மா என்றான், எட்டு வருஷத்துக்கு முன்னால் நான்தான் என்று சொல்லவில்லை. கக்கத்திலிருந்து நழுவிய பொன்னாடையை ஏற்றி இடுக்கிக்கொண்டான்.

“பாக்கலாம்மா,” என்றான் இசக்கிதுரை. “பாக்கலாம்.”

காற்று மட்டும் இரைந்தது. பின்னால் யாரோ ஒரு பெண், என்ன சொல்லுதாவ, என்ன சொல்லுதாவ என்று கேட்டாள்.

“அப்ப இல்லைன்னு சொல்லுதிய,” என்றாள் மரியபுஷ்பம். “சரி சார். வச்சிருதேன்.”